தொரைசாணி பேரு மாரியாயி

நான் ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. போன தை மாதம், என்னுடைய நாற்காலியில் இப்போது இருக்கும் பிள்ளை போன் எடுத்தாள். கலாசார உத்தியோகத்தராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆனால் கெட்டிக்காரி.

"மிஸ், ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். இங்க பொங்கல் லீவு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, முந்தி இருந்த வெள்ளக்காரத் தொரைசாணி வாங்கிக் குடுத்தாங்கன்னு சொல்றாங்க. அவங்க பேரு என்னன்னு கேட்டேன். மாரியாயின்னு சொல்றாங்க. எந்த வெள்ளக்காரிக்கு மிஸ் மாரியாயின்னு பேரு வச்சிருப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தத் தோட்டம் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய பைலைப் பார் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் பைலில் பாதிதான் இருக்கிறது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்கு தேயிலை ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நத்தாருக்கும் பலகாரம் சுடுவோம், பொங்கலுக்கும் வாசலில் பானை வைப்போம். இரண்டையும் பற்றி வீட்டில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. படித்தேன், பரீட்சை எழுதினேன், எங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. கொழும்பில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். குத்துவிளக்கை எந்தத் திசையில் வைப்பது, அதிதிகளை எந்த வரிசையில் அழைப்பது என்பதெல்லாம் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலைக்கு வந்த முதல் தையில் அலுவலகப் பொங்கல் விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். புத்தகங்களைப் புரட்டி எழுதி மனப்பாடம் செய்தேன். இந்திரனின் கர்வத்தைக் கண்ணன் அடக்கிய கதை. தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் மாதம் ஒருமுறை சாப்பிடவும் சொல்லச் சொல்லி சிவன் அனுப்பிய காளை, அதை மாற்றிச் சொல்லிவிட்டு, தினமும் சாப்பிடுகிற மனிதருக்காக ஏர் இழுக்கும்படி பூமிக்கு வந்த கதை. நெல்லை விளைவித்த சூரியனுக்கு உழவன் சொல்லும் நன்றி. எல்லாரும் கை தட்டினார்கள்.

விழா முடிந்ததும் பிரதேச செயலாளர் ரத்நாயக்க சேர் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சு நல்லம் மிஸ். ஒரு சந்தேகம். உங்க தோட்டத்துல நெல் எங்க இருக்கு?"

"இல்ல சேர்."

"மாடு ஏர் இழுக்குதா?"

"இல்ல சேர். பாலுக்குத்தான் வளக்கிறாங்க."

"அப்ப நீங்க பொங்குறது யாருடைய அறுவடை?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

ரத்நாயக்க சேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சிங்களவர், பிறந்து வளர்ந்தது அட்டன் கடைவீதிக்குப் பின்னால். தமிழை விளையாட்டுத் தோழர்களிடம் கற்றவர், அதனால் அவருடைய தமிழில் அலுவலக வாடை இல்லை. மெலிந்த மனிதர், வருடம் முழுவதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். வயதானவர்கள் யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி வந்தாலும் அமைச்சரின் மாமியார் வந்தாலும் ஒரே மாதிரி எழுவார், அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வரும். அது குடித்து முடியும்வரை வந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சில்லை. மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான் பேச்சு.

அன்று அவர் என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, பென்சிலைச் சீவி, அடிமட்டம் வைத்துப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கேட்டது' என்று தமிழில் எழுதினார். 'கேட்டது'வில் கொம்பை விட்டுவிட்டார். நான் காட்டினேன், திருத்திக்கொண்டார்.

"போய்க் கேளுங்க. பொங்கல் எப்படி வந்துச்சுன்னு. சொல்றவங்க கண்ணால கண்டது இந்தப் பக்கம். அவங்களுக்கு வேற யாரோ சொன்னது அந்தப் பக்கம். ரெண்டும் நமக்கு வேணும். ஆனா கலக்கக் கூடாது."

அதன் பிறகு என் வேலை முழுவதும் அந்த முறைதான். போனதும் குரல் பதியும் டேப்பை எடுக்கக் கூடாது. தேநீர் குடித்து முடிந்த பிறகு, கேட்டு அனுமதி வாங்கித்தான் அதை மேசையில் வைக்க வேண்டும். பேசுகிறவர் ஒரு சொல்லைத் தேடினால் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் தேடுகிற நேரம் நமக்கு நீளமாகத் தெரியும், பொறுக்க வேண்டும். முடிந்ததும் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை அவர் கண் முன்னாலேயே வெட்ட வேண்டும். அலுவலகத்துக்கு வந்து வெட்டுகிறேன் என்று சொல்லக் கூடாது. சேர் இவற்றை உத்தரவாகச் சொன்னதில்லை. நான் கொண்டுவரும் பக்கங்களைப் படித்துவிட்டு, விரலை ஒரு வரியில் வைத்து, "இது கண்டதா, கேட்டதா மிஸ்?" என்று மட்டும் கேட்பார். முதல் வருடத்தில் பாதி வரிகளுக்கு எனக்கே தெரியவில்லை.

நோர்வூட், மஸ்கெலியா, எங்கள் பொகவந்தலாவை என்று பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தேன். மஸ்கெலியாவில் ஒரு பெரியவர் தன் ஊர்க் கோவில் பொங்கலைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். எந்தக் கோவில் என்று கேட்டேன். நீர்த்தேக்கத்தின் நடுவைக் கை நீட்டிக் காட்டினார். அணை கட்டியபோது ஊரோடு தண்ணீருக்குள் போன கோவில். "நான் அங்க பொங்கித் தின்னுருக்கேன் மிஸ், எழுதிக்குங்க, இது கண்டது" என்றார். கோட்டின் அர்த்தத்தை நான் விளக்காமலே அவர் புரிந்துகொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் ஒரு தெளிவு வந்தது. திருச்சி, சேலம் பக்கமிருந்து இங்கே வந்த நம்முடைய ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அங்கே நிலம் இருக்கவில்லை. இன்னொருவருடைய வயலில் நெல் அறுத்தவர்கள்தான். நிலம் இருந்தவர்கள் எதற்காகக் கடல் தாண்டி வரப் போகிறார்கள்? அவர்கள் கொண்டுவந்தது பானை வைக்கும் பழக்கத்தை மட்டும்தான். பொங்கிய அரிசி எங்கேயோ விளைந்து, கப்பலிலும் வண்டியிலும் மலையேறி வந்து, தோட்டத்து ஸ்டோரில் அளந்து கொடுக்கப்பட்டது. அதிலும் தை மாதத்தில் இங்கே பனி விழும். கொழுந்து கருகும். ஊரில் களஞ்சியம் நிறைகிற மாதத்தில் எங்கள் கூடை அரையும் குறையுமாக இருக்கும். எங்களுக்குக் கையில் மிகக் குறைவாக இருக்கும் நாளில்தான் அறுவடைத் திருநாள் வருகிறது. இதை நான் ஒரு அறிக்கையில் எழுதினேன். சேர் அதைப் படித்தார். அந்தப் பக்கத்தைத் தன் மேசை லாச்சியில் வைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்த தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு ஏற்றம். அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் முதல் பானையைக் கோவிலில் அல்லது வாசலில் வைப்பார்கள். அங்கே பெரட்டுக் களத்தில் வைப்பார்கள், காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற அந்த வெறுந்தரையில். அதற்கு ஒரு கதையும் இருந்தது. முன்னொரு காலத்தில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரையின் மனைவி ஒரு தொரைசாணி, அவளுடைய பிள்ளை சுகமில்லாமல் கிடந்ததாம். பெரட்டுக் களத்தில் பொங்கிய பாலைப் பார்த்து அவள் கை கூப்பினாளாம். பிள்ளை பிழைத்ததாம். அவள் சொல்லித் தொரை லீவு கொடுத்தாராம். அவளிடம் நம்முடைய வழக்கத்தை விளக்கிச் சொன்னவர் அந்தக் காலத்துப் பெரிய கங்காணியாம். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் மரியாதைத் தட்டு அவருடைய குடும்பத்துக்கு.

ஒரு வருடம் மாவட்டப் பொங்கல் விழாவை அந்தத் தோட்டத்தில் நடத்த முடிவாயிற்று. விழா மலரில் இந்தக் கதையைத் தலைக்கட்டுரையாகப் போட வேண்டும் என்று விழாக்குழு கேட்டது. குழுவின் தலைவர் தர்மலிங்கம், அந்தக் கங்காணியின் பேரன். அறுபது வயது, நோர்வூட்டில் பலசரக்குக் கடை. கோவில் காரியம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். நல்ல மனிதர், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டுரைக்காக முப்பது பேரிடம் கேட்டேன். முப்பது பேரும் சொன்னது வலப்பக்கத்தில்தான் விழுந்தது. இடப்பக்கம் வெறுமை. அந்தக் காலத்தில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றார்கள். வீராயி அம்மா. எண்பதை எட்டிக்கொண்டிருந்தவர், மேல் லயத்தில், மேட்டிலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளில், மகனோடு இருந்தார். போனேன். அவரும் அதே கதையைச் சொன்னார், மற்றவர்களைவிட நன்றாக. தொரைசாணியின் கவுன் நிறம்கூடச் சொன்னார்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு சேர் விரலை வைத்தார். "இந்தத் தொரைக்குக் கல்யாணம் ஆச்சா மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. டிக்கோயாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆராதனைக்குக் கட்டிய கல்லுக் கோவில் ஒன்று உண்டு. எங்கள் சபை இல்லையென்றாலும் ஒரு வேதக்காரி கேட்டபோது அங்கிருந்த போதகர் பழைய புத்தகங்களைத் திறந்து காட்டினார். அந்தத் தொரையின் அடக்கம் அதில் பெயரோடு பதிவாகியிருந்தது. நல்ல கையெழுத்தில், மணமாகாதவர் என்று எழுதியிருந்தது. தொரைசாணியே இல்லை. பிள்ளையும் இல்லை.

மறுபடி மேல் லயத்துக்குப் போனேன். வீராயி அம்மா வாசல் இஸ்தோப்பில் வெயிலுக்குக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சேலை கொஞ்சம் விலகியிருந்தது. வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் சுருங்கி, மினுமினுப்பாக, பழைய தீக்காயத் தழும்பு. நான் பார்த்ததைப் பார்த்து சேலையை இழுத்துக்கொண்டார்.

தேநீர் குடித்தோம். பிறகு மெதுவாகச் சொன்னேன். "அம்மா, வெள்ளக்காரங்க கோவில் புத்தகத்தப் பார்த்தேன். அந்தத் தொரைக்குக் கல்யாணமே ஆகலயாம்."

காலிக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"மிஸ்ஸுக்கு நம்ம லீவு போகணுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தக் கத நின்னாத்தான் லீவு நிக்கும்னு எங்கம்மா சொல்லிட்டுச் செத்துச்சு. யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும்னு. நானும் இந்நாள் வரைக்கும் ஒரு சொல்லு மாத்தல."

"அம்மா, இப்ப அது நாடு முழுக்க லீவு. சட்டத்துல இருக்கு. தோட்டம் நெனச்சாலும் எடுக்க முடியாது."

"கவர்மெண்டு லீவுதானே? கவர்மெண்டு மாறுமில்ல?"

"எத்தனையோ மாறிருச்சே அம்மா. லீவு அப்படியேதான இருக்கு."

"யாராலயும் எடுக்க முடியாதா?"

"முடியாது."

"நெசமா?"

"நெசம்."

அவர் சுவரில் சாய்ந்தார். பல வருடங்களாகத் தலையில் இருந்த கூடையை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டார். பிறகு, "அந்தப் பொட்டிய வைங்க" என்றார். டேப்பை வைத்தேன்.

அப்போது அவருக்கு ஐந்து வயது. பொங்கலுக்கு லீவு கிடையாது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும், வேலை விட்டு வந்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும். சூரியனில்லாமல் என்ன பொங்கல் என்று அவருடைய அம்மா மாரியாயிக்குக் கோபம். அந்தத் தை முதல் நாள், மூன்று கல்லையும் பானையையும் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கே போய்விட்டார். வேறு நாலு பெண்களும் கூடப் போனார்கள். பேர் கூப்பிடுவதற்குள் பொங்கிவிட்டுத் தேயிலை மலைக்குப் போவதுதான் திட்டம். விறகில் பனி ஈரம், அடுப்பு லேசில் பிடிக்கவில்லை. பால் கொதிக்கும்போது நேரமாகிவிட்டது. தொரை வருகிற நேரம். பெரிய கங்காணி ஓடி வந்தார். எடு எடு என்று கத்தினார். யாரும் எடுக்கவில்லை. அடுப்புக் கல்லைக் காலால் எத்தினார். பானைக்கு மறுபக்கம் குளிருக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையை அவர் பார்க்கவில்லை.

"பானை என் மேல சாஞ்சிருச்சு" என்றார் வீராயி அம்மா. "நோவு ஞாபகமில்ல. அந்தாளு மொகந்தான் ஞாபகம். தன் தலப்பாவ அவுத்து என் காலச் சுத்தி, தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. வழியெல்லாம் ஆத்தா ஆத்தான்னு அழுதாரு. நான் அழல. அவரு அழுறதப் பாத்துக்கிட்டே போனேன்."

களத்தில் பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டிய பாலைச் சுற்றி, ஒரு பேச்சில்லாமல். தொரை வந்து பார்த்தார். என்ன என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மலையில் அன்று கருகிய கொழுந்துதான், எடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த வருடம் யாரையும் கேட்காமல் லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு பானை களத்துக்கு வந்தது. தொரை தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். லீவு வந்தது அப்படித்தான்.

"அப்ப தொரைசாணி?" என்று கேட்டேன்.

வீராயி அம்மா சிரித்தார். "அது எங்கம்மா கட்டுனது."

சில வருடத்தில் அந்தத் தொரை பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிப் போக, புதுத் தொரை வரப்போகிறான் என்று தெரிந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் பேசிக்கொண்டார்கள். நாமாக எடுத்துக்கொண்ட லீவு என்று தெரிந்தால் புதியவன் பிடுங்கிவிடுவான். முந்தின தொரை கொடுத்தது என்றால் பிடுங்க யோசிப்பான். வெறுமனே கொடுத்தான் என்றால் யார் நம்புவது? மாரியாயி சொன்னாராம், பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் எந்தத் தாயும் எந்தச் சாமியையும் கும்பிடுவாள், வெள்ளைக்காரியாக இருந்தாலும். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படித்தான் தொரைசாணி பிறந்தாள். மாரியாயி நேரே கங்காணியிடம் போனார். நீயே புதுத் தொரையிடம் சொல், உன் வாயால் சொன்னால் நம்புவான் என்றார். கங்காணி மறுபேச்சில்லாமல் போய்ச் சொன்னார். தோட்ட ஆபீஸ் கிளாக்கரையாவுக்கு உண்மை தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை இங்கிலீசில் மாற்றிச் சொன்னாராம். புதுத் தொரை தலையாட்டிவிட்டார்.

நான் எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லவில்லை. ஆனால், "தர்மலிங்கத்துக்கு இது தெரியாது. அச்சுல வந்து அந்தப் புள்ள படிக்கக் கூடாது. நான் சொல்லணும்" என்றார்.

அன்று அலுவலகத்துக்கு வந்து புத்தகத்தை சேரிடம் கொடுத்தேன். முதல் முறையாக இடப்பக்கம் நிறைந்திருந்தது. இரண்டு முறை படித்தார். அச்சகம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது, விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. குழுவைக் கோபப்படுத்தினால் விழாவே நின்றுவிடலாம், மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இது கண்டது, சேர்" என்றேன்.

"தெரியுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ், உண்மை நம்ம கையில கெடச்சிருச்சுன்னு அது நம்மளோடது ஆகாது. அந்த அம்மா சொன்ன மாதிரியே செய்யுங்க. அவங்க ரெண்டு பேரும் சரின்னா அச்சுக்குப் போகட்டும். இல்லன்னா அந்தப் பக்கத்த வெறுமையா விடுவோம். பொய்ய மட்டும் போட வேணாம். மேல இருந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

மறுநாள் தர்மலிங்கத்தை மேல் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுரைக்குப் படம் எடுக்கத்தான் என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீராயி அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சேலையை ஒதுக்கிக் காலைக் காட்டினார். பிறகு எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னார். தலைப்பாவை அவிழ்த்ததை, ஓடியதை, அழுததை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தர்மலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

"எங்க தாத்தா சாகுற வரைக்கும் பொங்கச் சோறு தின்னதில்ல" என்றார். "ஏதோ நேத்திக்கடன்னு நெனச்சோம். நான் சின்னதுல ஒரு வாய் ஊட்டப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டாரு. அன்னைக்கு எனக்கு ரொம்பக் கோவம்."

"எனக்குத் தெரியாதே சாமி இது" என்றார் வீராயி அம்மா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மாவே ஊட்டியிருக்குமே."

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். நான் டேப்பை எடுக்கவில்லை. அது பைலில் இல்லாதது அதனால்தான்.

தர்மலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அக்கா, இனி எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் மொத தட்டு வாங்குறது? நீங்கதான் வாங்கணும்."

"எதுக்கு? அந்தக் கதைய ஒங்க தாத்தா போயிச் சொல்லாட்டி லீவு நின்னுருக்காது. பயந்துக்கிட்டேதான் போனாரு, ஆனா போனாரு. தட்டு அதுக்குக் குடுத்தது. ஒங்களுக்கு உள்ளதுதான், வாங்குங்க." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒண்ணு வேணும். எங்கம்மா பேர வெளிய சொல்லவே முடியாமப் போச்சு. அந்தக் களத்துல ஒரு தடவ, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, அது பேரச் சொல்லுங்க. போதும்."

கட்டுரை இரண்டு பேருடைய சம்மதத்தோடு அச்சேறியது. தொரைசாணி கதையையும் அதில் முழுதாக எழுதினேன், அதைக் கட்டியது யார், எதற்காக என்பதோடு சேர்த்து. குழுவில் இரண்டு பேர் முறைத்தார்கள். தர்மலிங்கம், "எங்க தாத்தா விஷயம், எனக்கில்லாத வெக்கம் ஒங்களுக்கு என்னத்துக்கு" என்று சொல்லி முடித்துவிட்டார். வீராயி அம்மா அதன் பிறகு மூன்று பொங்கல் பார்த்தார். ரத்நாயக்க சேர் இடம் மாறிப் போய், பிறகு ஓய்வு பெற்றார். இன்றைக்கும் தைக்கு ஒரு போன் எடுத்து, பொங்கிட்டீங்களா மிஸ் என்று கேட்பார்.

இளையவளே, தோட்டத்தார் இன்றைக்குச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள். வலப்பக்கத்தில். இரண்டு கதைகளும் கலந்துவிட்டன என்று வருத்தப்படாதே. ஒரு பெயர் பிழைத்திருக்கிறது.

விழா அன்று நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். பனி வெயிலில் பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. அதிதி வரத் தாமதம், சூரியன் காத்திருக்க மாட்டார் என்று பானையை ஏற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. வீராயி அம்மாவை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். பானைக்குக் கிட்டத்தில் வேண்டாம் என்று அவரே சொன்னதால் பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நின்றேன்.

தர்மலிங்கம் எழுதி வைத்திருந்த பேச்சோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். தாளை விரித்தார். அதைப் பார்த்தபடி நின்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அந்தத் தரையில் காலையில் பேர் கூப்பிடுவார்களே, அந்த மாதிரிக் குரலை எடுத்துக் கூப்பிட்டார்.

"மாரியாயி."

ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"மாரியாயி."

என் பக்கத்தில் வீராயி அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிடிக்கப் போன என் கையை விலக்கினார். அந்தக் காலோடு நேராக நின்று, தோட்டத்தில் வேலை செய்த அத்தனை வருடமும் ஒவ்வொரு காலையும் சொன்ன அதே குரலில் பதில் சொன்னார்.

"வந்திருக்கு ஐயா."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, முழங்கையால் மெல்ல இடித்தார்.

"அழுறத அப்புறம் வச்சிக்குங்க மிஸ். பால் பொங்குது, அங்க பாருங்க."